பழைய ஜீப் என்றால் எண்ணெய் ஒழுகத்தான் வேண்டுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் 45 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், இதற்கு ஐந்து நிமிடம் கொடுங்கள்.

எங்கள் வீட்டு வில்லிஸ் ஜீப்பை அறியாதவர்கள் உங்களில் குறைவு. இரண்டாம் உலக யுத்தத்துக்காக அமெரிக்காவில் 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய வண்டி இது. யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்டவற்றில் ஒன்று, கை மாறிக் கை மாறி என் பெரியப்பாவிடம் வந்தது. இப்போது கோட்டக்குப்பத்தில் என் வாசலில் நிற்கிறது.

இந்த மாதிரி வண்டி வைத்திருக்கும் யாராவது, "முன் சக்கரத்துப் பக்கம் எண்ணெய் ஒழுகுகிறது" என்று சொல்லட்டும். மூன்று பதில்கள் வரும். "பழசுன்னா அப்படித்தான் சார்." "சீல் மாத்திட்டா சரியாயிடும்." "எதுக்கு மாமா இந்தத் தொல்லை, வித்துடுங்க." மூன்றுமே தப்பு. முதல் பதில் வெறும் தப்பு மட்டுமல்ல, ஆபத்து.

ஏன் என்று சொல்கிறேன். இந்த ஜீப்பின் முன் ஆக்சில் முனையில் ஒரு இரும்பு உருண்டை இருக்கும். அதைச் சுற்றித்தான் நக்கிள் திரும்பும். சக்கரத்தைச் சுழற்றும் மூட்டு அந்த உருண்டைக்குள்ளே கிரீஸில் இருக்கிறது. நடுவில் உள்ள டிஃபரன்ஷியலில் கியர் ஆயில், ஏறத்தாழ 1.2 லிட்டர். இந்த ஆயில் உருண்டைப் பக்கம் போகாமல் ஆக்சில் குழாய்க்குள் ஒரு சீல் தடுக்கிறது. அந்த உள் சீல் போனால் ஆயில் கிரீஸோடு கலந்து கூழாகும். கூழ் உருண்டையின் வெளிச் சீல் வழியாகக் கொஞ்சம் தரையில் விழும். அது நம் கண்ணுக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் சக்கரப் பக்கம் நகர்ந்து, ஹப் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் போகும். அது கண்ணுக்குத் தெரியாது.

எண்ணெய் குடித்த பிரேக் ஷூ பிடிக்காது. ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கினால், வண்டி பிடிக்கிற பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னால்தான் சாயும், முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், எதிரே சுற்றுலா பஸ் வரும்போது இது நடந்தால் என்ன ஆகும்? "பழசுன்னா அப்படித்தான்" என்று சொன்னவரா வந்து நிற்பார்?

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உருண்டையின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது தவறில்லை. அது இல்லாவிட்டால் சீல் உரசித் தேயும். வியர்ப்பது வேறு, ஒழுகுவது வேறு. காலையில் தரையில் சொட்டு இருந்தால் அது ஒழுகல்தான்.

இரண்டாவது பதிலுக்கு வருகிறேன். மாணவன் கணக்கைத் தப்பாகப் போட்டால், விடையை அழித்துச் சரியான விடையை எழுதிவிட்டால் போதுமா? எந்த வரியில் தப்பினான் என்று பார்க்க வேண்டாமா? சீல் என்பது கடைசி வரி. திண்டிவனம் பக்கம் ஒரு பட்டறையில் ஒரே வருடத்தில் மூன்று முறை வெளிச் சீல் மாற்றினார்கள். மூன்று முறையும் பில். மூன்று முறையும் சில வாரங்களில் பழைய கதை. சீல் ஏன் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். ஒன்று, ஆக்சிலின் காற்றுத் துளை. ஓடும்போது ஆக்சில் சூடாகும், உள்ளே காற்று விரியும். வானூர்ப் பக்கத்துச் செம்மண் அந்தத் துளையை அடைத்திருந்தால், காற்று சீலைத் தள்ளிக்கொண்டுதான் வெளியேறும். சுடச்சுட தண்ணீரில் இறக்கினால் இதே அடைப்பு எதிர்வேலை செய்யும், சீல் வழியே தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அதுதான் காரணம். இரண்டு, உருண்டையின் மேல்பரப்பு. நம்மூர் உப்புக்காற்றில் அதில் துருக்குழி விழும். புது சீல் வைத்தாலும் அந்தக் குழிகள் அரம் மாதிரி அறுத்துவிடும். மூன்று, கிங்பின் பேரிங். அது தேய்ந்தால் நக்கிள் நடுவிலிருந்து விலகும், சீல் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் வாய் திறக்கும். நான்கு, அளவுக்கு மேல் ஊற்றிய ஆயில். வண்டி சமதளத்தில் நிற்கும்போது நிரப்பும் துளையின் விளிம்பு வரைதான் இருக்க வேண்டும்.

கடைசியில் நம்மூர்க் கொட்டகை ஒன்றில் இரண்டு நாள் வேலை. காற்றுத் துளையைக் குத்திச் சுத்தம் செய்து, உருண்டையை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, கிங்பின் பேரிங் மாற்றி, ஷிம் வைத்து இறுக்கம் சரிபார்த்து, உள் சீல், வெளிச் சீல் இரண்டையும் போட்டார்கள். எண்ணெய் குடித்த பிரேக் ஷூக்களைப் பெட்ரோலில் கழுவி மாட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன், புதிது போட்டோம். இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. தரை காய்ந்து கிடக்கிறது.

"வித்துடுங்க" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாமான் கிடைக்காது என்பது சாக்கு. வில்லிஸ் அமைப்பிலேயே மகிந்திரா பல பத்தாண்டுகள் ஜீப் செய்திருக்கிறது. அதனால் சீலும் பேரிங்கும் சென்னை புதுப்பேட்டையில் தேடினால் அகப்படும். கிடைக்காதது சாமான் இல்லை, காரணம் தேடும் பொறுமைதான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நம் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை இதே ரக வண்டி வாங்கியிருக்கிறார். சந்தோஷம். முன் சக்கரம் ஒழுகுகிறதாம், "பரவாயில்லை மாமா, வாரம் ஒரு தடவை ஊத்திக்கிறேன்" என்கிறார். பொங்கல் லீவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மரக்காணம் உப்பளம் பார்க்கப் போகிறாராம்.

மாப்பிள்ளை, நீங்களும் இதைப் படிப்பீர்கள். ஊற்றுகிற எண்ணெய் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு முன் டிரம்மையும் கழற்றச் சொல்லுங்கள். ஈரத்தை விரலில் தொட்டு முகருங்கள். கெட்டியாக, நெடியோடு இருந்தால் கியர் ஆயில். தண்ணீர் மாதிரி இருந்தால் பிரேக் ஆயில், அது வேறு கோளாறு, அதையும் விடக்கூடாது. பட்டறைக்காரர் "சீல் மாத்திடலாம்" என்றால், "ஏன் போச்சு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியை விடாதீர்கள்.

அதுவரை பிள்ளைகளை மரக்காணத்துக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள். டிக்கெட் காசு நான் தருகிறேன்.