கண்ணைப் பார்த்தீர்களா?

சகோதரிகளே, போன இதழில் வெயில் காலத்து வடகம், வற்றல் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். நான் செய்த ஒரு தப்பைச் சொல்லப் போகிறேன். படித்துவிட்டு, "இவள் நம்ம வீட்டுக் கதையை அல்லவா எழுதியிருக்கிறாள்!" என்று உங்களில் சிலருக்காவது தோன்றும்.

என் மாமியாருக்கு வயது 74. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், விடியற்காலை 5 மணிக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிய பிறகுதான் காப்பி டம்ளரைத் தொடுவார். காய்ச்சல் வந்தால்கூட இந்த வழக்கம் மாறாது. அப்படிப்பட்டவர், போன தை மாதம் திடீரென்று குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தார்.

"அத்தை, வெந்நீர் ஆறிப்போகுது" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பேன். "இன்னிக்குக் குளுரா இருக்கு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கூடத்திலிருந்து பதில் வரும். மறுநாளும் கூப்பிட்டால், "எப்பக் குளிக்கணும்னு எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் சொல்லித்தர வேணாம்" என்று எரிந்து விழுவார். இங்கே எனக்கோ குக்கர் விசில் அடிக்கும், பையன் சாப்பாட்டு டப்பாவுக்கு நிற்பான். கோபம் பொத்துக்கொண்டு வரும். "வயசாக ஆக உங்கம்மாவுக்குப் பிடிவாதம் கூடிக்கிட்டே போகுது" என்று இவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "அம்மா அப்படித்தான், விடு" என்று இவர் பேப்பரைப் புரட்டினார்.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நாங்கள் இருவரும் சத்தம் போட்டுக்கொண்டோமே தவிர, அவர் முகத்தை ஒரு தடவையாவது நான் நின்று பார்க்கவில்லை.

ஒரு நாள் நானே வாளியில் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் வைத்தேன். திரும்பும்போது வாசற்படியில் அத்தை நின்றுகொண்டிருந்தார். வாஷ்பேசின் மேலே மாட்டியிருக்கிற கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை. ஈரமாக இருந்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் இரண்டும் மேலேறி நடுவில் நெருங்கியிருந்தன. கண் அகல விரிந்திருந்தது. உதடு காய்ந்துபோய் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை நிலைச்சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது.

பிடிவாதக்காரியின் முகம் இப்படியா இருக்கும்? என் மகள் 4 வயதில் திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிப்போய்த் திரும்பக் கிடைத்தபோது அவள் முகம் இப்படித்தான் இருந்தது.

வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அத்தை, பயமா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கென்ன பயம்" என்றுதான் முதலில் சொன்னார். நான் பேசாமல் பக்கத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "பொங்கலுக்கு மொத நாளு வழுக்கிடுச்சும்மா. குழாயைப் பிடிச்சுத் தப்பிச்சேன்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னை அழவைத்தது. "எங்கம்மா இப்படித்தான் விழுந்தா. அப்புறம் எழுந்திரிக்கவே இல்லை. சொன்னா நீங்க என்னைப் படுக்கையில போட்டுடுவீங்கன்னு நெனச்சேன்."

மூன்று வாரமாக நான் பிடிவாதம் என்று நினைத்தது முழுக்க முழுக்க பயம். விழுந்துவிடுவோமோ என்று ஒரு பயம், விழுந்ததைச் சொன்னால் பாரமாகிவிடுவோமோ என்று இன்னொரு பயம்.

இதை என் அக்கா மகளிடம் சொன்னேன். அவள் சென்னையில் மனோதத்துவம் படிக்கிறாள். "சித்தி, பயத்தைக் கண்டுபிடிக்கிறது நீங்க நினைக்கிற மாதிரி சுலபமில்லை" என்று ஆரம்பித்து, நிறைய விஷயம் சொன்னாள். நமக்கு உபயோகப்படும் என்று தோன்றியதை எழுதுகிறேன்.

சார்லஸ் டார்வின் என்ற அறிஞர் 1872-லேயே மனிதர்களும் மிருகங்களும் உணர்ச்சிகளை எப்படி வெளிக்காட்டுகின்றன என்று ஒரு தனிப் புத்தகம் எழுதினாராம். பயந்தவருக்குக் கண் விரியும், வாய் உலரும், உதடு நடுங்கும், வேர்க்கும் என்று அதில் விவரித்திருக்கிறார். நம் தொல்காப்பியரோ அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மெய்ப்பாடுகள் எட்டு என்று கணக்கிட்டு, அச்சத்தை அதில் ஒன்றாக வைத்தார். அச்சம் பிறக்கிற இடம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று நான்கு. பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழம்மா விரல் விட்டுச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறது. ஐந்தாவதாக 'குளியலறை' என்று என் மாமியார் சார்பில் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

முகத்தில் பயத்துக்கும் ஆச்சரியத்துக்கும் நூலிழைதான் வித்தியாசம். இரண்டிலும் புருவம் ஏறும், கண் விரியும். ஆச்சரியத்தில் புருவம் வில் போல வளைந்து ஏறும், வாய் தளர்ந்து திறக்கும். பயத்தில் புருவங்கள் ஏறும்போதே ஒன்றையொன்று நெருங்கும், கீழ் இமை இறுகும், கருவிழிக்கு மேலே வெள்ளை தெரியும், உதடுகள் காதுப் பக்கமாக இழுபடும். பால் எக்மன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1960-களின் கடைசியில் பாப்புவா நியூகினி மலைப்பகுதியில் வாழும் ஃபோரே மக்களிடம் பல முகங்களின் படங்களைக் காட்டிச் சோதித்தார். சந்தோஷம், கோபம், துக்கம் எல்லாவற்றையும் அவர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். பயத்தையும் ஆச்சரியத்தையும் மட்டும் பிரித்துச் சொல்லத் தடுமாறினார்களாம். ஆக, தடுமாறுவது நாம் மட்டுமில்லை!

அவள் சொன்னதில் என் மனசில் ஆணி அடித்த மாதிரி நின்றது வேறொன்று. அமெரிக்காவில் ஒரு பெண்மணி. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக டாக்டர்கள் அவரை எஸ்.எம். என்ற இரண்டு எழுத்தால்தான் குறிப்பிடுகிறார்கள். மூளையில் அமிக்டலா என்று பாதாம் பருப்பு வடிவத்தில் பக்கத்துக்கு ஒன்று இருக்கிறது. ஓர் அபூர்வ வியாதியால் அவருக்கு அது இரண்டு பக்கமும் கெட்டுவிட்டது. மற்றவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தால் சொல்லிவிடுவார். பயத்தை மட்டும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று 1994-இல் எழுதினார்கள். ஏன் என்பதற்கு 2005-இல்தான் விடை கிடைத்தது. அவர் பார்வை எதிராளியின் கண்களுக்குப் போகவே இல்லை! "கண்ணைப் பாருங்கள்" என்று சொல்லிப் பார்க்க வைத்ததும், பயத்தையும் மற்றவர்களைப் போலவே சரியாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஒவ்வொரு தடவையும் நினைவுபடுத்த வேண்டியிருந்ததாம்.

இதைக் கேட்டதும் எனக்குத் தலைகுனிவாக இருந்தது. அந்த அம்மாளுக்காவது வியாதி. எனக்கு என்ன வியாதி? மூன்று வாரமாகக் கண்ணைப் பார்க்காமல்தானே பேசினேன்?

கைக்குழந்தை வைத்திருக்கிற இளம் தாய்மார்களுக்கு இன்னொன்று சொல்லவேண்டும். நாம் குழந்தையின் முகத்தைப் படிப்பது இருக்கட்டும், குழந்தை நம் முகத்தைப் படித்துக்கொண்டே இருக்கிறது. 1985-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்கள். ஒரு மேஜை, மேலே கெட்டிக் கண்ணாடி. பாதிக்கு மேல் கீழே ஒரு பள்ளம் இருப்பது போலத் தெரியும், விழ முடியாது. ஒரு வயதுக் குழந்தையை ஒரு பக்கம் விட்டு, அம்மாவை எதிர்ப்பக்கம் நிறுத்தினார்கள். அம்மா சிரித்த முகமாக நின்றபோது 19 குழந்தைகளில் 14 தவழ்ந்து தாண்டி வந்துவிட்டன. பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூட வரவில்லை! அம்மாக்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை, முகம் ஒன்றே போதுமாக இருந்தது.

என் மகளுக்குக் கரப்பான்பூச்சி என்றால் உயிர் போகும். "இது எங்கிருந்து வந்ததோ" என்று நானே வியந்ததுண்டு. இப்போதுதான் புரிகிறது. நான் விளக்குமாறோடு அலறியதையெல்லாம் தொட்டிலில் இருந்து அவள் பார்த்திருப்பாளே! தடுப்பூசி போடப் போகும்போது, நாய் எதிரே வரும்போது, குழந்தை முதலில் நம் முகத்தைத்தான் திரும்பிப் பார்க்கும். அப்போது நாம் நிதானமாக இருந்தால் அதுவும் நிதானமாகும். அடுப்புப் பக்கம் தவழும்போது மட்டும் தாராளமாகப் பயந்த முகம் காட்டலாம்!

நான் இப்போது கடைப்பிடிக்கிற சில விஷயங்கள்:

ஒருவர் வழக்கமாகச் செய்கிற காரியத்தைத் திடீரென்று மாட்டேன் என்றால், அடுப்பைத் தணித்துவிட்டு நேரில் போய் முகத்தைப் பார்க்கிறேன். பயம் நிறையப் பேரிடம் கோபக் குரலில்தான் வெளியே வரும். காதுக்குக் கோபமாகக் கேட்பது கண்ணுக்கு வேறாகத் தெரியலாம்.

கையையும் பார்க்கிறேன். புடவைத் தலைப்பைப் பிடிப்பது, நகம் கடிப்பது, மூச்சை அடக்குவது, நின்ற இடத்திலேயே உறைந்து நிற்பது எல்லாம் பயம் பேசுகிற பேச்சு. சில குழந்தைகள் பயந்தால் சிரிக்கும். சில குழந்தைகள் வயிற்றுவலி என்று சொல்லும்.

கண்ணைப் பார் என்று யாரையும் தாடையைப் பிடித்துத் திருப்புவதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கண்ணோடு கண் பார்ப்பதே சிரமம். பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் வந்த பெரியவர்களுக்கு முகத் தசை இறுகி, உள்ளே எந்த உணர்ச்சி இருந்தாலும் வெளியே தெரியாது. அவர்களிடம் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முகத்தைப் பார்த்து நானே முடிவு கட்டிவிடுவதில்லை. முகத்தை மட்டும் வைத்து ஒருவர் மனசை நிச்சயமாகச் சொல்லிவிட முடியாது என்று 2019-இல் ஐந்து ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். எஸ்.எம். அம்மாளைப் பற்றிக் கண்டுபிடித்த ரால்ஃப் அடால்ஃப்ஸும் அதில் ஒருவர். முகம் ஒரு தகவல் கொடுக்கிறது, அவ்வளவுதான். எதற்காகப் பயம் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். "என்ன பயம், அசடு" என்று ஆரம்பித்தால் வந்த வார்த்தையும் உள்ளே போய்விடும்.

ஒரு குழந்தைக்கு ஒரு குறிப்பிட்ட ஆளையோ, ஒரு வீட்டையோ, ஒரு வகுப்பையோ கண்டால் மட்டும் முகம் இப்படி மாறுகிறது என்றால், சொந்தக்காரர் ஆயிற்றே, மரியாதை ஆயிற்றே என்று தள்ளி அனுப்பாதீர்கள். அவசரப்படாமல் கேளுங்கள், சொன்னதை நம்புங்கள். உதவி வேண்டுமென்றால் 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கான உதவி மையம் இருக்கிறது. எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். அன்று சாயங்காலமே இவர் பிளம்பரைக் கூட்டிவந்து, சுவரில் கைப்பிடிக் கம்பி அடிக்கச் சொன்னார். வழுக்காத ரப்பர் விரிப்பு, உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல், பிரகாசமான பல்பு எல்லாம் வந்தன. தாழ்ப்பாள் போடவேண்டாம், கதவைச் சாத்தினால் போதும் என்று பேசிக்கொண்டோம். டாக்டரிடமும் அழைத்துப் போனோம். உட்கார வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து நிற்கும்போது சட்டென்று இறங்குகிறது, அதனால்தான் தலை சுற்றுகிறது என்று சொல்லி, மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தார். மூன்று வாரம் நான் திட்டிக்கொண்டேயிருந்து அவரும் ரோஷத்தில் ஒரு நாள் தனியாக உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் அடிவயிறு கலங்குகிறது.

இப்போது மறுபடியும் 5 மணிக்குக் குளியல், விபூதி, காப்பி. போன வாரம் ஒரு நாள் காலையில் எனக்கு வந்த ஒரு போனைப் பேசிவிட்டு, ஒன்றுமில்லாத மாதிரி வந்து காய் நறுக்கினேன். அத்தை காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "ஏம்மா, என்னமோ பயந்திருக்கே. என்னன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். பாதி பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.