தகுதிச் சான்று யாருக்காக?

விடியுமுன் களியக்காவிளைச் சந்தைக்குப் போனால், காய்கறி மூட்டைகளோடு வரிசையாக நிற்கும் பெட்டி ஆட்டோக்களைக் காணலாம். சிலவற்றில் கே.எல். பலகை, சிலவற்றில் டி.என். பலகை. ஓட்டுகிறவன் நம்மவன். மூட்டையை அணைத்தபடி இடுக்கில் உட்கார்ந்திருப்பவள் அவன் மனைவி. பொழுது விடிந்து சந்தை கலைந்ததும், அதே வண்டியில்தான் பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் அமரவிளைக்கும் சரக்கு போகிறது. ஒரு குடும்பத்தின் அடுப்பு அந்த மூன்று சக்கரங்களின் மேல் எரிகிறது.

அந்த வண்டிக்கு ஆண்டுதோறும் ஒரு நாள் வருகிறது. எப்.சி. காட்டும் நாள். அந்த நாள் நெருங்கினால் வீட்டில் ஒரு சாவு விழுந்ததுபோல முகம் வாடுகிறது. ஏன்? பணம் போகும், ஒரு நாள் கூலி போகும், புரியாத மொழியில் யாரோ எதையோ கேட்பார்கள், கடைசியில் ஒரு புரோக்கரின் காலில் விழவேண்டும். இதுதான் நம் அனுபவம். இதைப் பற்றி இம்மாதம் வெளிப்படையாகப் பேச விரும்புகிறோம்.

முதலில் நம்மிடம் உள்ள குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர், பழைய பெட்டி ஆட்டோ வைத்திருப்பவர். டயர் மூன்றும் மொட்டை. புரோக்கர் வந்து, "அண்ணாச்சி, ஒண்ணும் கவலைப்படாதீங்க. நல்ல டயர் மூணும் நான் தாரேன், சாயங்காலம் கழத்திக்கிடலாம்" என்றார். வாடகை டயரில் வண்டி சோதனைக்குப் போயிற்று, சான்றும் வந்தது. மறுநாள் பழைய டயர் ஏறிற்று. அடுத்த மழையில், ஓர் இறக்கத்தில், பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை. மதிலில் மோதி நின்றது. பக்கத்தில் இருந்த அவர் மனைவிக்குக் கை முறிந்தது. சட்டைப்பையில் சான்று பத்திரமாக இருந்தது. ஆனால் காகிதம் பிரேக் பிடிக்காது, தோழர்களே!

அவர் ஏமாற்றியது யாரை? ஆய்வாளரையா? அரசாங்கத்தையா? தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை அல்லவா!

இது நம் ஒருவர் கதை மட்டுமல்ல. 2012 ஜூலையில் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து, அந்தப் பேருந்தின் சக்கரத்திலேயே நசுங்கி இறந்தாள். அந்த வண்டிக்குச் சற்று முன்னர்தான் தகுதிச் சான்று வழங்கப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கைக் கையில் எடுத்தது. அதன் பிறகுதான் தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்கென்று 2012-இலேயே தனி விதிகள் செய்தது. சான்று இருந்தது, தரை இல்லை. இதைவிடத் தெளிவான பாடம் வேறு வேண்டுமா?

ஆகவே நாம் சொல்வது இதுதான்: சோதனை நம் எதிரி அல்ல. சோதனையைப் பொய்யாக்குகிற முறைதான் நம் எதிரி. அந்தப் பொய்யில் புரோக்கருக்கு லாபம், நமக்கு நஷ்டம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, வாடகைக்கும் சரக்குக்கும் ஓடுகிற வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கட்டாயம் என்கிறது. புது வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டு கவலையில்லை. அதன்பின் எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பிக்க வேண்டும். எட்டு வயதைத் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை. நம்மில் பெரும்பாலோர் கைமாறி வந்த பழைய வண்டி வாங்குகிறவர்கள். ஆகவே "ஆண்டுக்கு ஒருமுறை" என்ற விதி நமக்கென்றே எழுதியதுபோல ஆகிவிடுகிறது. சொந்த உபயோகத்துக்கான பைக், கார் ஆகியவற்றுக்கு இந்த ஆண்டுச் சோதனை இல்லை. 15 ஆண்டு முடிந்ததும் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது ஐந்து ஆண்டுக்குச் செல்லும். அதற்கு 25-ஆம் எண் படிவம். புகைச் சான்று வேறு; அது எல்லா வண்டிக்கும் உண்டு.

அதே பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. எல்லைக் கிராமத்து மக்கள் அதை மனப்பாடம் செய்ய வேண்டும். முறைப்படி பெற்ற தகுதிச் சான்று, காலாவதியாகும்வரை இந்தியா முழுவதும் செல்லும். மார்த்தாண்டத்தில் வாங்கிய சான்று அமரவிளையிலும் செல்லும். பாறசாலையில் வாங்கியது குழித்துறையிலும் செல்லும். "இது தமிழ்நாட்டுச் சான்று, இங்கே செல்லாது" என்று யாராவது சொன்னால், பணிவாக ஆனால் உறுதியாக 56-ஆவது பிரிவைச் சொல்லுங்கள்.

ஆனால் சான்று இல்லாவிட்டால்? சட்டத்தின் கண்ணில் அந்த வண்டி முறையாகப் பதிவே செய்யப்படாத வண்டிக்குச் சமம். 192-ஆவது பிரிவின்படி முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ விதிக்கலாம். இதைக்கூடச் சமாளிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறோம், போதும் என்று நினைக்கிறோம். 2018-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, தகுதிச் சான்று இல்லாமல் ஓடுவது வெறும் காகிதப் பிழை அல்ல, அடிப்படை மீறலே என்று தீர்ப்பளித்தது. அதன் பொருள் என்ன? சான்று காலாவதியான வண்டி ஒருவரை மோதினால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்கு முதலில் நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டிக்காரனிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். நம்மிடம் வசூலிக்க என்ன இருக்கிறது? அந்த வண்டி, ஊரில் உள்ள நாலு சென்ட் நிலம், மனைவி கழுத்தில் இருப்பது. பத்து நாள் தாமதத்துக்குப் பரம்பரைச் சொத்தைப் பணயம் வைக்கிறோம் என்பதை வீட்டுப் பெண்களும் அறிந்திருக்க வேண்டும். காலண்டரில் பால் கணக்கு எழுதுகிற இடத்திலேயே எப்.சி. முடியும் நாளையும் எழுதி வையுங்கள், தாய்மார்களே!

இனி, எங்கே போவது? இதில்தான் நம்மவர்கள் அலைகிறார்கள்.

கே.எல். 19 பலகை என்றால் பாறசாலை சப் ஆர்.டி. ஆபீஸ். கே.எல். 20 என்றால் நெய்யாற்றின்கரை. டி.என். 75 மார்த்தாண்டம், டி.என். 74 நாகர்கோவில். வண்டி பதிவான அலுவலகத்தையே முதலில் அணுகுங்கள். வேறு இடத்தில் சோதனை செய்துகொள்ளும் வசதி நம் வண்டிக்கு உண்டா என்பதை முன்பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நின்றபிறகு அல்ல. தமிழ்நாட்டுப் பதிவு வண்டியைக் கேரளத்திலேயே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், 47-ஆவது பிரிவின்படி பதிவை இங்கே மாற்றவேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். இதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, எப்.சி. நாளன்று மாட்டிக்கொள்கிறவர்கள் நம்மில் அநேகர்.

முன்பதிவும் கட்டணமும் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நடக்கின்றன. கைப்பேசியில் வண்டி எண்ணைப் போட்டால் சான்று முடியும் தேதி தெரியும். அது கைவராதவர்கள் இந்தப் பக்கம் அக்ஷயா மையத்துக்கும், அந்தப் பக்கம் இ-சேவை மையத்துக்கும் போகலாம். வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தால் அதுவே செய்துகொடுக்கும். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி கட்டிய ரசீது, பெர்மிட் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு வையுங்கள். பழைய அபராதம் பாக்கி இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். திரையில் காட்டுகிற கட்டணம் எவ்வளவோ அவ்வளவுதான் கட்டணம். ரசீது இல்லாமல் ஒரு காசும் தரவேண்டாம்.

காலமும் மாறி வருகிறது. 2019-இல் திருத்திய சட்டமும், 2021-இல் வந்த விதிகளும் தானியங்கிச் சோதனை நிலையங்களைக் கொண்டு வந்தன. அங்கே சக்கரத்தை உருளைகளின் மேல் ஏற்றி, பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்பதை இயந்திரமே அளக்கும். முகவிளக்கின் சாய்வையும் புகையையும் கருவி பார்க்கும். கட்டாயமாக்கும் தேதி பலமுறை தள்ளிப்போயிற்று. எந்த வட்டாரத்தில் நிலையம் வந்துவிட்டதோ அங்கே அது நடைமுறைக்கு வருகிறது. ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். விதிப்படி அந்த நிலையம் சோதிக்க மட்டுமே வேண்டும். ரிப்பேர் செய்யவோ உதிரிப்பாகம் விற்கவோ கூடாது. "இங்கேயே மாற்றினால் பாஸ்" என்று எவராவது சொன்னால், அது விதிக்குப் புறம்பு. ரிப்பேரை நமக்குப் பழக்கமான பட்டறையில் பத்து நாளைக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். பிரேக், ஸ்டியரிங், டயர், முகவிளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், கண்ணாடி, பிரதிபலிப்பு ஒட்டுகள், அடித்தளத் தகடு எல்லாவற்றையும் பகலில் ஒருமுறையும், விளக்குகளை இருட்டில் ஒருமுறையும் பாருங்கள். குறை கண்டு திருப்பி அனுப்பினால் அவமானம் ஒன்றுமில்லை. குறையை எழுத்தில் கேட்டு வாங்கி, சரிசெய்து, மறு சோதனைக்குப் போகலாம்.

வளைகுடாவுக்குப் போன நம் பிள்ளைகளைக் கேளுங்கள். சவூதியில் 'ஃபஹஸ்' முடியாமல் வண்டியின் பதிவு புதுப்பிக்கப்படாது. துபாயில் 'முல்கியா' புதுப்பிக்கப் பழைய வண்டியைச் சோதனைக்கு விடவேண்டும். அங்கே முணுமுணுக்காமல் செய்கிறவன், ஊருக்கு வந்ததும் வாடகை டயர் தேடுகிறான். சட்டத்தை மதிப்பது அரபு நாட்டில் மட்டும்தானா?

நம்மை நாமே கடிந்துகொண்டு நிறுத்திவிட்டால் அது பாதி நியாயம்தான். அரசாங்கத்தையும் கேட்கவேண்டும். மத்திய அரசு 15 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கான கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் பலமடங்கு உயர்த்தியது. பழைய வண்டி வைத்திருப்பவன் ஆசைக்கு வைத்திருக்கவில்லை. புதியது வாங்க வழியில்லாமல் வைத்திருக்கிறான். பாதுகாப்பு வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் பாதுகாப்பின் விலையை ஏழையின் தலையில் மட்டும் கட்டுவது என்ன நீதி? கட்டணம் ஏற ஏறச் சோதனைக்கு வராமல் ஒளிந்து ஓடுகிற வண்டிதான் பெருகும். அது சாலைக்கு நல்லதா?

மொழி இன்னொரு சுவர். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு மாறியதால் நாக்கு மாறவில்லை. மலையாளச் சகோதரர்களோடு நமக்குப் பகை இல்லை. ஒரே சந்தையில் ஒரே தேநீர் குடிக்கிறவர்கள் நாம். ஆனால் தன் வண்டியில் என்ன குறை என்று எழுதப்பட்டிருப்பதைப் படிக்க முடியாதவன் புரோக்கரிடம்தான் போவான். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவும் குறை தீர்க்கும் மனுவைத் தன் மொழியில் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை துருப்பிடித்துக் கிடக்கிறது. எடுத்துத் துலக்குவோம்.

ஆகவே நம் சங்கத்தின் சார்பில் திருவனந்தபுரத்திலுள்ள போக்குவரத்து ஆணையருக்குத் தமிழில் ஒரு மனு எழுதுவோம் என்று முன்மொழிகிறோம். கோரிக்கைகள் மூன்றே. சோதனை விதிகளையும் கட்டணத்தையும் எல்லைப்புற அலுவலகங்களில் தமிழிலும் எழுதி வையுங்கள். குறை கண்ட வண்டிக்குக் காரணத்தைப் புரியும்படி எழுதிக் கொடுங்கள். தானியங்கி நிலையம் அமைக்கும்போது, ஒரு நாள் கூலியைத் தின்றுவிடாத தூரத்தில் அமையுங்கள்.

நாம் செய்யவேண்டியதும் உண்டு. ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டு வையுங்கள். உறுப்பினர் வண்டிகளின் எப்.சி. முடியும் நாளை எழுதி, ஒரு மாதம் முன்பே வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். பட்டறை வேலை தெரிந்த தோழர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை மற்றவர் வண்டியைப் பார்த்துக் கொடுங்கள். சோதனைக்கு இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். தனியாகப் போகிறவனைத்தான் புரோக்கர் தோளில் கைபோட்டு அழைக்கிறான்.

கை முறிந்த அந்தச் சகோதரி இப்போது தேறிவிட்டார். மறுபடியும் அதே வண்டியில்தான் சந்தைக்குப் போகிறார். டயர் மூன்றும் புதியவை. கடன் வாங்கித்தான் போட்டார்கள். ஆனால் வாடகைக்கு எடுக்கவில்லை.