கொள்ளிடக் கரையில் இரண்டு கலம்பகங்கள்

திருவரங்கத்தை வடபுறம் தழுவிச் செல்லும் கொள்ளிடம், கிழக்கே ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூரின் அருகிலும் ஓடுகிறது. இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள அவ்வூரில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பியவர், 1680-இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர். ஊருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டதோடு அவர் நிற்கவில்லை. திருக்காவலூர்க் கலம்பகமும் பாடினார்.

கலம்பகம் நம் மண்ணின் வடிவம். அம்மானை, ஊசல், மறம், களி எனப் பல உறுப்புகள் கலந்து வருவது. பிள்ளைப்பெருமாள் ஐயங்கார் அரங்கனைப் பாடியதும் அதில்தான். ஓர் ஊர் தமிழில் நிலைபெறக் கல்லும் சுண்ணாம்பும் போதா, பாட்டும் வேண்டும் என்பதை அயல்நாட்டுத் துறவி அறிந்திருந்தார்.

நாமோ ஒன்றை வைணவ இலக்கியம் என்றும், மற்றதைக் கிறித்தவ இலக்கியம் என்றும் தனித்தனி அலகுகளில் அடைத்துவிட்டோம். தேம்பாவணியின் 3615 பாடல்களையும், 1732-இல் தொகுத்த சதுரகராதியையும் இரு மதிப்பெண் வினாக்களாகச் சுருக்கிவிட்டோம். ஏலாக்குறிச்சி நம் மாணவருக்கு வெறும் திருவிழா ஊர்.

இரு கலம்பகங்களையும் ஒரே வகுப்பில் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும் என்பதே என் கருத்து. வழிபடு தெய்வம் வேறாயினும் ஊசல் ஊசல்தான், அம்மானை அம்மானைதான். அதை முதலில் உணரவேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.