பாஸ் எங்கே போனார்?

ஆபீஸில் இருக்கிற பாஸ், வேண்டாத நேரத்திலெல்லாம் பின்னால் வந்து நிற்பார். வீட்டில் நான் தேடிய பாஸ் கூப்பிட்டும் வரவில்லை. நான் சொல்வது ஸ்பீக்கரிலிருந்து 'தும்... தும்...' என்று நெஞ்சில் வந்து தட்டுமே, அந்த பாஸ்.

சீட்டுப் பணம் எடுத்து ஒரு ஜோடி ஸ்பீக்கர், 40 வாட் ஆம்ப்ளிஃபையர், ஏறி இறங்குகிற 10 குமிழ்கள் வைத்த ஈக்வலைஸர் எல்லாம் வாங்கினேன். ஹாலுக்கு நட்டநடுவில் நாற்காலியைப் போட்டு, மகாராஜா மாதிரி உட்கார்ந்து, இளையராஜாவைப் போட்டேன். வயலின் வந்தது. புல்லாங்குழல் வந்தது. பாஸ் கிடார் மட்டும் லீவு.

அதே பாட்டுக்கு, மூலையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி, "என்னங்க, தலைக்குள்ள உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். பத்தாவது நிமிஷம் கீழ் வீட்டிலிருந்து ஹவுஸ் ஓனர் படியேறி வந்தார்.

"தம்பி, பாட்டுகூடக் கேக்கலை. அந்தத் தும்தும் மட்டும்தான் கீழ எறங்குது. பொண்ணு ப்ளஸ் டூ. இன்னொரு தடவை கேட்டுதுன்னா வேற வீடு பாத்துக்குங்க."

ஆக, பாஸ் வீட்டில்தான் இருந்தார். எல்லோர் காதிலும் விழுந்தார். காசு கொடுத்தவன் காதில் மட்டும் விழவில்லை.

அடுத்த ஞாயிறு ஓனர் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்தார். விட்டேனா? ஈக்வலைஸரில் 63 ஹெர்ட்ஸ் என்று எழுதிய குமிழை உச்சிக்கு ஏற்றினேன். '+12 டெசிபல்' என்று போட்டிருந்தது. என்னமோ 12 பைசா மாதிரி நினைத்துவிட்டேன். டெசிபல் கணக்கு நம் கந்துவட்டியை விடக் கொடுமை ஸார்! 3 டெசிபல் கூட்டினால் வாட் இரட்டிப்பாகும். 12 கூட்டினால் 16 மடங்கு. 3 வாட்டில் சௌக்கியமாகப் பாடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபையரிடம் 48 வாட் கேட்டால் அது எங்கே போகும்? 'கர்ர்ர்' என்று ஒரு இருமல். லேசாகக் கருகல் வாடை. அப்புறம் வலது பக்க ஸ்பீக்கர் மௌன விரதம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மெக்கானிக் கோனை விரலால் அமுக்கிப் பார்த்து, "காயில் போச்சு ஸார்" என்றார். காயில் மாற்ற 900 ரூபாய். கதையைச் சொன்னேன்.

"ஹால் எவ்ளோ நீளம்?"

"12 அடி."

"சேர் எங்க போட்டிருக்கீங்க?"

"நடுவுல."

சிரித்தார். "பாஸ் இல்லாத இடமாப் பாத்து உக்காந்திருக்கீங்க ஸார்."

விஷயம் இதுதான். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடுகிறது. 12 அடி ஹாலில் 47 ஹெர்ட்ஸ் அலை இரண்டு சுவருக்கும் இடையே கச்சிதமாக மாட்டிக்கொள்ளும். சுவரோரம் உச்சம், நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். பாஸ் கிடாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அதற்கு ரெண்டு மூணு சுரம் மேலேதான் இந்த 47. அந்த இடத்தில் ஈக்வலைஸரை ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. எவ்வளவு கூட்டி அனுப்புகிறோமோ, சுவரில் பட்டுத் திரும்பி வந்து அதை அழிப்பதும் அவ்வளவு கூடும். நடுவில் இருப்பவனுக்குப் பட்டினி, மூலையில் இருப்பவளுக்கு விருந்து. கீழ் ஸ்தாயி ஒலி தரையையும் சுவரையும் சுலபமாகக் கடக்கும் என்பதால் கீழ் வீட்டுக்குப் பார்சல்!

"ஈக்வலைஸர் ஏத்தறதுக்கு இல்ல ஸார், இறக்கறதுக்கு" என்றார் மெக்கானிக்.

மிருதங்க வித்வான்கள் தொப்பியில் ரவை பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். தட்டிப் பார்ப்பார், கொஞ்சம் வைப்பார், அதிகமானால் கிள்ளி எடுப்பார். யாராவது அள்ளி அப்புகிறாரா? எனக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நாற்காலியை 2 அடி பின்னுக்குத் தள்ளினேன். செலவு பூஜ்யம். விடுமுறைக்குப் போன பாஸ் கிடார் டியூட்டிக்குத் திரும்பியது! மூலையில் சொருகியிருந்த ஸ்பீக்கர்களையும் ஓர் அடி வெளியே இழுத்தேன்.

பிறகு செல்போனில் 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை சீராக ஏறும் ஓசையைச் சின்ன சத்தத்தில் ஓடவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கவனித்தேன். 57-க்கு வந்தபோது ஜன்னல் கம்பி கிண்கிணி வாசித்தது. என் ஹால் அகலமும் 10 அடி, உயரமும் 10 அடி. இரண்டும் சேர்ந்து ஒரே சுரத்தைப் பிடித்துத் தொங்குகின்றன. அந்த 10 குமிழில் 63 இருக்கிறது, 57 கிடையாது. போனிலேயே 'பாராமெட்ரிக்' ஈக்வலைஸர் உண்டு. எந்த ஹெர்ட்ஸ், எவ்வளவு அகலம், எவ்வளவு டெசிபல் என்று மூன்றையும் நாமே சொல்லலாம். 57-ல், குறுகலாக, 6 டெசிபல் இறக்கினேன். அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் வாட் கால் பங்கு ஆனது. அதோடு 40-க்குக் கீழே மொத்தமாக வெட்டினேன். என் ஸ்பீக்கரின் 5 அங்குலக் கோனால் அதையெல்லாம் பாட முடியாது. வீணாக முன்னும் பின்னும் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

பாட்டைப் போட்டேன். அடேயப்பா! இத்தனை நாள் ஒரே 'தும்' என்று நினைத்தது, ஒரு தனிப் பாட்டாகப் பாட்டுக்கு அடியிலேயே நடந்துபோனது. மனைவி மூலையிலிருந்து நிமிர்ந்து, "இது நல்லாருக்கே!" என்றாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் வாங்கிய சாமானுக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

பரீட்சை முடிந்த மறுநாள் ஹவுஸ் ஓனர் மறுபடி படியேறி வந்தார். எனக்குக் கை கால் உதறியது.

"என்ன தம்பி, இப்பல்லாம் பாட்டே கேக்கறதில்லையா?"

"தினம் கேக்கறேன் ஸார்!"

"அப்படியா? கீழ ஒண்ணுமே தெரியலையே. ரொம்ப நல்லது. சும்மா சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். அடுத்த மாசத்துலேர்ந்து வாடகை 500 கூட."

இறக்குகிற குமிழ் அவர் கையில் அல்லவா இருக்கிறது!