தெளிந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீரா?

கோயில் குளத்துக்கு ஃபில்டர் வைக்க வேண்டும் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வந்துவிடுகிறது. "தீர்த்தத்துக்குப் போய் மோட்டாரா வைத்தியரே?" என்கிறார்கள். ஆமாம், வைக்கத்தான் வேண்டும். ஏனென்று கேளுங்கள்.

எங்கள் கருக்களாச்சேரியிலிருந்து காரைக்கால் டவுனைத் தாண்டினால் திருநள்ளாறு. அங்கே நள தீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்து முழுகினால் சனி தோஷம் விலகும் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். சனிக்கிழமை என்றாலே கூட்டம். 2023 டிசம்பர் 20-ஆம் தேதி வந்தது போல சனிப்பெயர்ச்சி என்றால் கேட்கவே வேண்டாம். நம்பிக்கையைப் பற்றி நான் பேச வரவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் என் பேச்சு. ஒருவர் உடம்பிலிருந்து 15 மில்லி எண்ணெய் கழுவிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேருக்கு 15 லிட்டர்! அதோடு வியர்வை, அழுக்கு, ஷாம்பு, தண்ணீரிலேயே கழற்றி விடும் துணி வேறு.

இதே ஆயிரம் பேர் ஒரு நீச்சல் குளத்தில் இறங்கினால் என்ன ஆகும்? அங்கே தண்ணீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. குளத்தின் விளிம்பில் 'ஸ்கிம்மர்' என்று ஒரு வாய் இருக்கும். மேலே மிதக்கும் எண்ணெய், முடி, இலை எல்லாம் அது வழியாகப் போகும். அடியில் இருக்கும் வாய் கீழ்த் தண்ணீரை இழுக்கும். முடியும் குப்பையும் ஒரு கூடையில் தங்கிவிட, பம்ப் மீதித் தண்ணீரை மணல் நிரப்பிய தொட்டிக்குள் தள்ளுகிறது. மணலில் அழுக்கு சேரச் சேர தொட்டியின் பிரஷர் ஏறும். மீட்டரைப் பார்த்துத் தண்ணீரைத் தலைகீழாகத் திருப்பி மணலைக் கழுவிவிடுவார்கள். மருந்து வடிகட்டும் துணியை உதறி அலசுவதில்லையா, அது மாதிரிதான்.

பெரிய குளங்களில் மொத்தத் தண்ணீரும் ஒருமுறை சுற்றி வர நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். 'ஒரு சுற்று முடிந்ததே, எல்லாம் சுத்தம்' என்று நினைத்துவிடாதீர்கள். வடிகட்டிய தண்ணீர் மறுபடி அழுக்குத் தண்ணீரோடுதானே கலக்கிறது! கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு சுற்றில் சுமார் 63 சதவீதத் தண்ணீர்தான் ஃபில்டரைத் தொட்டிருக்கும். இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95, நாலில் 98. கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரியெல்லாம் பம்பை நிறுத்தி வைக்கிற ஹோட்டல்காரர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சரி, மணல் எல்லாவற்றையும் பிடித்துவிடுமா? பிடிக்காது. சாதாரண மணல் ஃபில்டர் 20 மைக்ரான் வரைதான் நன்றாகப் பிடிக்கும். பாக்டீரியாவோ ஒரு மைக்ரான் அளவு. அது சுலபமாகத் தப்பிவிடும். அதற்குத்தான் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின். நீச்சல் குளத்தில் மூக்கை எரிக்கிற வாடை வந்தால், 'குளோரின் ஜாஸ்தி' என்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரின் கெட்டுப்போன வாடை அது!

நம் பாட்டிமார்கள் கலங்கிய தண்ணீர்ப் பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரைத்து வைப்பார்கள். மண் திரண்டு அடியில் படிந்து, மேல் தண்ணீர் கண்ணாடி போல ஆகிவிடும். அருமையான மூலிகை, மறுப்பே இல்லை. ஆனால் அது கலங்கலைத்தான் எடுக்கும், கிருமி மிச்சமிருக்கும். குடிக்கிற தண்ணீரென்றால் தெளிந்த பிறகும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். சித்த வைத்தியனான நானே இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? கேரளத்தில் 2024-ஆம் ஆண்டு மூளையைத் தாக்கும் அமீபாவுக்குச் சில பிள்ளைகள் பலியானார்களே, அது நன்னீரில் குளிக்கும்போது மூக்கு வழியாக ஏறுகிற கிருமி. வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீர் அதற்கு ரொம்ப இஷ்டம். தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

டெல்டாவில் குளம் வெட்டியவர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். ஒரு பக்கம் வரத்து வாய்க்கால், மறுபக்கம் வடிகால். காவிரியில் தண்ணீர் வந்தால் புதுசு உள்ளே வரும், பழசு வெளியே போகும். மோட்டார் இல்லாத சுற்றோட்டம்! வாய்க்காலைத் தூர்த்து வீடு கட்டிவிட்டு, போர் போட்டுக் குளத்தை நிரப்பினால் தண்ணீர் நிறையும், ஓடாது.

லட்சம் பேர் முழுகும் குளத்துக்கு ஃபில்டர் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் மணலில் படிந்தால் மணல் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும், அப்புறம் வடிகட்டாது. கொட்டுகிற குளோரினையும் எண்ணெயும் அழுக்குமே தின்றுவிடும். ஆகவே எண்ணெயை முதலில் மேல்மட்டத்திலேயே வழித்து எடுக்க வேண்டும். அதைவிடச் சுலபம், கரையிலேயே வரிசையாகக் குழாய் வைத்து, எண்ணெயை அங்கே கழுவிவிட்டுக் குளத்தில் இறங்கச் சொல்வது. தேரையர் பிணியணுகா விதியிலும் எண்ணெய் முழுக்குக்கு வெந்நீர்தானே சொல்லியிருக்கிறது! வெந்நீரும் சீயக்காயும் போட்டு எண்ணெயை எடுத்துவிட்டு, பிறகு தீர்த்தத்தில் மூன்று முழுக்குப் போட்டால் புண்ணியம் குறைந்தா போய்விடும்?

அதுவரை போகிறவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். காதில் சீழ், உடம்பில் ஆறாத புண், சொறி படை உள்ளவர்கள் குளத்தில் இறங்க வேண்டாம். தலையில் தெளித்துக்கொண்டாலே போதும். குழந்தைகளை மூக்கு முங்கும்படி அமுக்காதீர்கள். தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளிக்காதீர்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் ஒருமுறை குளித்து, உலர்ந்த துணியால் காதோரத்தையும் விரலிடுக்கையும் துடைத்துவிடுங்கள்.