கொடி பிடித்தால் மட்டும் போதுமா?

தெலுக் இந்தான் நகரின் நடுவில் நிற்கும் சாய்ந்த கோபுரம் 1885ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. கோபுரத்தினுள்ளே நீர்த்தொட்டியின் பாரம். அடியிலோ இளகிய மண். அதனால் கோபுரம் மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இன்று அந்தச் சாய்வைக் காணவே சுற்றுப்பயணிகள் வருகின்றனர். ஆனால், பேரா மாநிலத்தின் காற்பந்து அணி பாரம் தாங்காமல் சாய்ந்தபோது, அதைக் கண்டு களிக்க எவரும் வரவில்லை. இரசிகர்கள் வருந்தினார்கள், அவ்வளவுதான்.

கீழ்ப்பேரா மக்களுக்குக் காற்பந்து புதிதன்று. ரப்பர் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், பால்மரம் வெட்டி முடித்த இளைஞர்கள் மாலையில் தோட்டத் திடலில் பந்து விளையாடினார்கள். ஒரு தோட்டத்து அணியை மற்றொரு தோட்டத்து அணி வென்றால், அந்த வெற்றி ஒரு வாரத்திற்காவது பேசப்படும். அதே பற்றுதான் பின்னர் மாநில அணியின் மீதும் படர்ந்தது. ஈப்போ அரங்கில் ஆட்டம் என்றால், தெலுக் இந்தானிலிருந்து புறப்பட்டுச் சென்று ஆதரவு தந்தவர்கள் பலர்.

அந்த ஆதரவுக்குப் பலனும் கிடைத்தது. 1998, 2000ஆம் ஆண்டுகளில் பேரா மலேசியக் கிண்ணத்தை வென்றது. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், ஷா ஆலாம் அரங்கில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் திரங்கானுவுடன் 3-3 எனச் சமநிலை கண்டு, பெனால்டியில் வென்று மீண்டும் கிண்ணத்தை ஏந்தியது. ஆனால், 2021ஆம் ஆண்டில் அதே அணி சூப்பர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. 2023இல் மீண்டும் சூப்பர் லீக்கிற்கு வந்தபோதிலும், 2025-2026 பருவம் தொடங்குமுன் நிதி நெருக்கடியால் விலகிக்கொண்டது. கிண்ணத்தை வென்ற ஏழே ஆண்டுகளில் இந்த நிலை!

பேராவை வீழ்த்திய எதிரணி எது? ஜொகூரா? சிலாங்கூரா? எந்த அணியுமன்று. வரவை மீறிய செலவுதான் அதை வீழ்த்தியது. அந்தப் பருவத்தில் பகாங் அணியும் விலகியது. கெடா அணிக்கோ நிதிப் பிரச்சினையால் உரிமமே கிடைக்கவில்லை. கெடாவைப் பார்த்துக் கூச்சலிட்ட பேரா இரசிகரும், பேராவைக் கேலி செய்த கெடா இரசிகரும் இறுதியில் ஒரே படகில் அமர்ந்திருந்தனர். ஆகவே, இரசிகர்களின் போட்டியுணர்வு திடலோடு நிற்க வேண்டும். அவர்களின் அக்கறை அணியின் கணக்கேடு வரை செல்ல வேண்டும்.

இந்தச் சிக்கல் எப்படி உருவாகிறது? ஓர் அணிக்கு நுழைவுச்சீட்டு, விளம்பரம், மானியம் ஆகியவற்றின்வழி ஆண்டுக்கு 5 மில்லியன் ரிங்கிட் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்து மாநில அணி ஒரு புகழ்பெற்ற வெளிநாட்டு ஆட்டக்காரரைச் சேர்க்கிறது. உடனே இரசிகர்கள், “நாம் மட்டும் என்ன குறைந்தவர்களா?” என்று கேட்கிறார்கள். நிருவாகம் அந்தக் குரலுக்குப் பணிந்து, சம்பளத்திற்கே 6 மில்லியன் ரிங்கிட் செலவிடுகிறது. முதலாண்டில் கடன், இரண்டாம் ஆண்டில் சம்பள பாக்கி, மூன்றாம் ஆண்டில் அணியே இல்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

சம்பள பாக்கி என்பது வெறும் எண்ணன்று. ஆட்டக்காரருக்கும் வீட்டு வாடகை உண்டு. பிள்ளைகளின் பள்ளிச் செலவு உண்டு. அரங்கில் அவருடைய பெயரைச் சொல்லி முழங்கும் இரசிகர், அவருக்கு இந்த மாதச் சம்பளம் கிடைத்ததா என்று நினைத்துப் பார்ப்பதில்லை. அணியின் துணிகளைத் துவைப்பவர், பேருந்து ஓட்டுநர், திடலைப் பராமரிப்பவர் ஆகியோரின் நிலை இன்னும் கடினம். அவர்களுக்காக முழங்க எவருமில்லை.

பணம் மிகுதியாக இருந்தால் இந்தச் சிக்கல் வராது என்று எண்ணுவதும் தவறு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அமரலாம். தொலைக்காட்சி உரிமம், நன்கொடை, நுழைவுச்சீட்டு எனப் பல வழிகளில் பெரிய பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறைகளுக்குப் பணம் வருகிறது. இருப்பினும், அந்நாட்டுப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைகளில் பெரும்பாலானவை தாம் ஈட்டுவதைவிட அதிகமாகவே செலவிடுகின்றன. அந்தப் பற்றாக்குறையைப் பல்கலைக்கழக நிதியும் மாணவர்கள் செலுத்தும் கட்டணமும் ஈடுகட்டுகின்றன. விளையாட்டையே பார்க்காத மாணவரும் அதற்குப் பணம் கட்ட நேரிடுகிறது.

அங்கும் போட்டியுணர்வுதான் செலவைத் தூண்டுகிறது. எதிரணி வென்றால், “பயிற்றுநரை மாற்று” என்று இரசிகர்களும் நன்கொடையாளர்களும் வற்புறுத்துகிறார்கள். 2023ஆம் ஆண்டில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் அமெரிக்கக் காற்பந்துப் பயிற்றுநரை ஒப்பந்தம் முடியுமுன்னே நீக்கியது. அதற்காக அவருக்குத் தர வேண்டிய தொகை ஏறக்குறைய 76 மில்லியன் டாலர். வேலை செய்வதற்கன்று, வேலை செய்யாமல் இருப்பதற்காக அந்தத் தொகை! 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் தம் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகம் 20.5 மில்லியன் டாலர் வரை தரலாம். வியர்வை சிந்துபவருக்குப் பங்கு கிடைப்பது நியாயமே. ஆனால், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

போட்டியுணர்வு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கே சான்று உண்டு. அலபாமா மாநிலத்தில் அலபாமா, ஆபர்ன் என்னும் இரு பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாக மோதி வருகின்றன. 2010ஆம் ஆண்டில் ஆபர்ன் 28-27 என்ற புள்ளிகளில் வென்றது. அதைப் பொறுக்காத எதிரணி இரசிகர் ஒருவர், ஆபர்ன் மக்கள் கூடி வெற்றியைக் கொண்டாடும் இடத்தில் இருந்த இரண்டு பழமையான கருவாலி மரங்களுக்கு நஞ்சிட்டார். 2013ஆம் ஆண்டில் அம்மரங்களை அகற்ற வேண்டியதாயிற்று. தோல்வி ஒரு நாளில் மறந்துவிடும். நூறாண்டு மரம் ஒரு நாளில் வளர்ந்துவிடுமா?

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று ஜெர்மனியில் நடந்தது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், பொருசியா டோர்ட்மண்ட் காற்பந்துக் கழகம் அளவுக்கு மீறிச் செலவிட்டுத் திவாலாகும் நிலைக்கு வந்தது. அப்போது அதற்கு 2 மில்லியன் யூரோ கடன் கொடுத்துக் கைதூக்கிவிட்டவற்றுள் ஒன்று, அதன் கடும் போட்டியாளரான பாயர்ன் மியூனிக். டோர்ட்மண்ட் மீண்டெழுந்து, 2011, 2012ஆம் ஆண்டுகளில் பாயர்னையே பின்தள்ளி லீக் பட்டத்தை வென்றது. எதிரணி இல்லாமல் ஆட்டமே இல்லை என்பதை உணர்ந்தவர்களின் செயல் அது.

சிலர் மறுத்துரைக்கலாம். “இரசிகர் காசு கொடுத்து மகிழ வருகிறார். கணக்குப் பார்ப்பது நிருவாகத்தின் வேலை. கேலியும் கிண்டலும் இல்லாவிட்டால் ஆட்டத்தில் சுவை ஏது?” என்பது அவர்கள் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. எதிரணியைப் பாட்டாலும் முழக்கத்தாலும் சீண்டுவது விளையாட்டின் உப்பு. ஆனால், உப்பு மிஞ்சினால் உணவு கெடும். மேலும், நம் நாட்டு மாநில அணிகளுக்குப் பல்லாண்டுகளாக மாநில அரசின் நிதியும் உதவி வந்துள்ளது. அது பொதுமக்கள் பணம். பொதுமக்கள் பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்பது இரசிகரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். அந்தக் கேள்வியை வசைமொழியால் கேட்கத் தேவையில்லை. ஆண்டறிக்கையைக் கேட்டுப் படிக்கலாம், கூட்டத்தில் எழுந்து வினவலாம், நாளிதழுக்கு எழுதலாம்.

இந்தப் பழக்கத்தைப் பள்ளியிலேயே தொடங்க முடியும். விளையாட்டுப் போட்டி நாளன்று சிவப்பு இல்லமும் நீல இல்லமும் தொண்டை வற்றக் கத்துகின்றன. கூடாரம் அமைக்க, சட்டை அச்சிட, பானம் வாங்க எனப் பணம் திரட்டுகின்றன. எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, மீதி எங்கே என்று எத்தனை மாணவர்கள் கேட்கிறார்கள்? இல்லத்தின் பொருளாளர் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். தோற்ற இல்லத்தினர் வென்ற இல்லத்தினரின் கையைக் குலுக்கட்டும். பின்னாளில் இவர்களே ஏதேனும் ஓர் அணியின் ஆதரவாளர்களாகவும் நிருவாகிகளாகவும் வருவார்கள்.

வருவாய் சிறிதாக இருந்தாலும், செலவு அதனை மிஞ்சாதவரை கேடில்லை என்பது வள்ளுவர் காட்டிய வழி. தெலுக் இந்தான் கோபுரம் சாய்ந்த பின்னும் நூறாண்டுகளுக்கு மேலாக நின்றுகொண்டிருக்கிறது. காற்பந்து அணிக்கு அந்த வாய்ப்பு இல்லை, சாய்ந்தால் விழுந்துவிடும். பேராவின் கொடி மீண்டும் உயர்ந்த லீக்கில் பறக்க வேண்டும் என்று விரும்புபவர்கள், ஒரு கையில் கொடியைப் பிடிக்கட்டும். மறுகையால் கணக்கேட்டைப் புரட்டட்டும்.