சும்மா இருந்தா செத்துட்டான்னு அர்த்தமா?

இந்த வாரம் வெள்ளாமைப் பேச்சு இல்லை. வீட்டு மூலையில பச்சை லைட்டோட உக்காந்திருக்கிற ரூட்டரைப் பத்தி ஒரு நியாயம் பேசணும்.

பேசாம இருக்கிறவன் லைனை, அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அறுக்கிறது தப்பு. எத்தனை நிமிஷம் சும்மா இருந்தா அறுப்பேன்னு ரூட்டர் டப்பாவுலயே அச்சடிச்சிருக்கணும். இதுதான் என் கட்சி.

விஷயம் என்னன்னா, என் அண்ணன் மகனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவன் கம்ப்யூட்டர்ல எழுத்து விளையாட்டு விளையாடுவான். படம், பொம்மை எதுவும் இருக்காது. வடக்கே போ, கதவைத் திற, விளக்கை எடுன்னு இங்கிலீஷ்ல தட்டுவான். என்ன நடந்துச்சுன்னு எழுத்துல பதில் வரும். அந்த எழுத்தை என்விடிஏங்கிற இலவச மென்பொருள் அவனுக்கு வாசிச்சுக் காட்டும். பார்வையில்லாத மைக்கேல் கரன் 2006ல ஆஸ்திரேலியாவுல ஆரம்பிச்சது அது.

இந்த மாதிரி விளையாட்டு பழசு. 1978ல இங்கிலாந்துல எசெக்ஸ் பல்கலைக்கழகத்துல ராய் டிரப்ஷாங்கிற மாணவர் எழுத ஆரம்பிச்சார், ரிச்சர்ட் பார்ட்டில் அதைத் தொடர்ந்தார். அதுக்குப் பேரு மட். நான் அரை டவுசர் போட்டுத் திரிஞ்ச காலம் அது. இன்னைக்கும் உலகம் பூரா பார்வையில்லாதவங்க நெறையப் பேர் இதை விளையாடுறாங்க. கண் தெரிஞ்சவனும் தெரியாதவனும் ஒரே வரப்புல நிக்கிற விளையாட்டு வேற எத்தனை இருக்கு?

சிக்கல் எங்கன்னா, கூட்டாளிங்க வர்ற வரைக்கும் இவன் ஆள் ஒரு குகை வாசல்ல காத்துக்கிட்டு நிப்பான். பத்து நிமிஷம் ரெண்டு பக்கமும் எழுத்து ஓடாது. அப்புறம் இவன் எதையாவது தட்டினா பதிலே வராது. அங்க அவங்க கூப்பிட்டாலும் இவனுக்குக் கேக்காது. விளையாட்டுல இவன் ஆள் கல்லு மாதிரி நிக்கும், வர்ற பூதம் அடிச்சுப் போட்டுட்டுப் போகும். லைன் போயிருச்சுன்னு ஒரு சத்தமும் கிடையாது. “சித்தப்பா, அமைதியா இருக்கிற லைனும் செத்த லைனும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு”ன்னான். அந்த வார்த்தைதான் என்னை எழுத வச்சது.

கனெக்‌ஷன் குடுத்த கம்பெனிக்குப் போன் பண்ணினா, ரூட்டரை அணைச்சுப் போடுங்கங்கிற ஒரே பாட்டு. நோய் அங்க இல்லை.

இன்டர்நெட்டுக்குப் பழைய முறையில இருக்கிற முகவரி சுமார் 430 கோடிதான். உலகத்துக்கே பத்தாது. அதனால 1994ல ஒரு வழி எழுதி வச்சாங்க. அதுக்குப் பேரு நாட். வீட்டுல பத்து போன், கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளியில ஒரே முகவரி. எது யாருக்கு வந்த தண்ணின்னு ரூட்டர் ஒரு பட்டியல் வச்சிருக்கும், கம்மாய்ல தண்ணி முறை எழுதுற நோட்டு மாதிரி. கொஞ்ச நேரம் ஆள் நடமாட்டம் இல்லைன்னா அந்த வரியை அழிச்சிரும். அழிச்சதை உள்ள இருக்கிறவனுக்கும் சொல்லாது, வெளிய இருக்கிறவனுக்கும் சொல்லாது.

ரூட்டர் பக்கமும் நியாயம் இருக்கு, மறுக்கலை. அதோட நினைவகம் சின்னது. கரண்ட் போயி பாதியில நின்ன கம்ப்யூட்டர் போறேன்னு சொல்லிட்டா போகுது? அந்த வரியெல்லாம் அழிக்காட்டி நோட்டு நிறைஞ்சிரும். ஆனா எப்ப அழிக்கிறதுங்கிறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. 2008ல இன்டர்நெட் பொறியாளர்கள் ஆர்.எஃப்.சி 5382ன்னு ஒரு குறிப்பு போட்டாங்க. இந்த மாதிரி நிலையான டிசிபி லைனை 2 மணி 4 நிமிஷத்துக்கு முன்னாடி அழிக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. ஆனா அது சட்டம் இல்லை. மீறினா கேக்க ஆள் இல்லை.

சிம் கார்டுக்குப் பாருங்க. பேசாம வச்சிருந்த சிம்மை வெட்டுறாங்கன்னு புகார் வந்து, 2013ல டிராய் ஒரு விதி கொண்டு வந்துச்சு. 90 நாளைக்குக் குறைவா சும்மா இருந்த சிம்மை அதுக்காக வெட்டக் கூடாது, பிரீபெய்டுல 20 ரூபா இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு நம்பரைத் தக்க வைக்கணும்னு. சும்மா இருக்கிற சிம்முக்கு ஒரு காவல் இருக்கையில, சும்மா இருக்கிற லைனுக்கு ஏன் இருக்கக் கூடாது?

அது வர்ற வரைக்கும் நாமளே செய்யக்கூடியது ஒண்ணு உண்டு. புழங்காத வாய்க்கா தூந்து போகும், அதனால அப்பப்போ கொஞ்சம் தண்ணி விடணும். டெல்நெட்ல ‘ஒண்ணும் செய்யாதே’ன்னு ஒரு கட்டளை இருக்கு, ரெண்டே பைட், 255ம் 241ம். விளையாட்டு அதைக் கண்டுக்காது, ரூட்டர் மட்டும் ஆள் இருக்குன்னு நினைச்சுக்கும். பட்டின்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு (ஆட்டுப்பட்டி இல்லை). அதுல கனெக்‌ஷன் பக்கத்துல ‘கீப்அலைவ்’ வினாடி 0ன்னு இருக்கும். 0ன்னா அனுப்பாதுன்னு அர்த்தம். அதை 60 ஆக்கினா போதும். ஒரு மணி நேரத்துக்குச் சில கிலோபைட்தான் செலவு.

சில பேர் நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘பார்’னு கட்டளை போக டைமர் வைக்கச் சொல்றாங்க. பார்வையில்லாதவங்களுக்கு அது வேண்டாம். ஒவ்வொரு நிமிஷமும் அந்தக் குகையோட வர்ணனை முழுசும் காதுல ஓதும், மனுஷன் கிறுக்குப் பிடிச்சுப் போவான்.

கம்ப்யூட்டர்லயே டிசிபிக்கு ஒரு கீப்அலைவ் இருக்கேம்பீங்க. லினக்ஸ்ல அது சும்மா விட்டா 7200 வினாடி, ரெண்டு மணி நேரம். பத்து நிமிஷத்துல அறுக்கிற ரூட்டர்கிட்ட அது எடுபடாது. ரூட்டர் செட்டிங்கை மாத்துறதும் எல்லா இடத்துலயும் பலிக்காது. வெளி முகவரி 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா, கம்பெனிக்காரன்கிட்டயும் மேல ஒரு நோட்டு இருக்குன்னு அர்த்தம். நம்ம பக்கம் இருந்து தண்ணி விடுறதுதான் ரெண்டுக்கும் மருந்து.

ஒண்ணும் தட்டாம ஒருத்தன் அரை மணி நேரம் கிடந்தா விளையாட்டு நடத்துறவங்க வெளிய அனுப்புறாங்களா, அது அவங்க வீட்டு முறை. சொல்லிட்டு அனுப்புவாங்க. நடுவுல நிக்கிற டப்பாவுக்கு அந்த உரிமை கிடையாது.

வீட்டுல இருந்து கம்பெனி வேலை பாக்குற பிள்ளைகளோட கருப்பு ஸ்கிரீன் உறைஞ்சு போறதுக்கும் பல நேரம் இதுதான் காரணம். அதனால அடுத்த தடவை கனெக்‌ஷன் போட வர்ற தம்பிகிட்ட வேகம் எத்தனைன்னு மட்டும் கேக்காதீங்க. சும்மா இருந்தா எத்தனை நிமிஷம் லைனைக் காப்பாத்தும்னும் கேளுங்க. பத்துப் பேர் கேட்டா, பதினோராவது வீட்டுக்கு வரும்போதாவது பதிலைத் தெரிஞ்சுக்கிட்டு வருவாரு.